சுவரில் மூன்று நாள், அதன் பிறகு?

மதுரையில் இளம் ஓவியர்களின் கண்காட்சி பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் நடக்கிறது. ஒரு பள்ளி அரங்கமோ, கல்லூரிக் கூடமோ, வாடகை மண்டபமோ மூன்று நாள்களுக்குக் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை முக்கியப் பிரமுகர் ஒருவர் நாடா வெட்டித் திறந்துவைக்கிறார், குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது, பொன்னாடைகள் கைமாறுகின்றன. ஞாயிற்றுக்கிழமை இரவு ஓவியங்கள் பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டு உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் செல்லும் பேருந்துகளில் ஏறிவிடுகின்றன. சட்டகத்தின் மூலை உடைந்தாலும் சான்றிதழ் மடங்கிவிடக் கூடாது என்பதில் மட்டும் எல்லோருக்கும் தனிக் கவனம் இருக்கிறது.

இத்தகைய கண்காட்சிகளைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஓவிய ஆசிரியர்களும் சிறு கலை அமைப்புகளும் கைக்காசைப் போட்டு இவற்றை நடத்துகின்றனர். கலை பண்பாட்டுத் துறையும் தன் மண்டல அலுவலகங்கள் வழியாக முகாம்களையும் போட்டிகளையும் நடத்துகிறது. ஆனால், மூன்று நாள் சுவரில் தொங்கியதால் இருபது வயது இளைஞர் ஒருவரின் ஓவியத்தில் என்ன மாறியது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. தேர்வான ஓவியம் ஏன் தேர்வானது என்பது அதை வரைந்தவருக்குத் தெரியாது. திருப்பி அனுப்பப்பட்டவருக்கோ அது ஏன் திரும்பியது என்பது தெரியாது. 'வளரும் கலைஞர்களை ஊக்குவித்தல்' என்று அழைப்பிதழ்கள் சொல்கின்றன. ஊக்குவிப்பு மேடையில் நடந்துவிடுகிறது; வளர்ப்பு யார் பொறுப்பு?

சென்னையில் இந்தக் குறை இவ்வளவு உறைக்காது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளி அங்கே அரசு கவின் கலைக் கல்லூரியாகத் தொடர்கிறது. லலித் கலா அகாதமியின் மண்டல மையம் கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலம் இருக்கிறது. தனியார் கலைக்கூடங்களும், ஓவியம் வாங்குவோரும், எழுதுவோரும் இருக்கின்றனர். அங்கே ஓர் இளைஞருக்குக் கண்காட்சி என்பது பல வாய்ப்புகளில் ஒன்று. மதுரையிலோ ஒரே கண்காட்சி கல்லூரியாகவும் கலைக்கூடமாகவும் விமர்சகராகவும் சந்தையாகவும் இருக்க வேண்டிய நிலை. அத்தனை சுமையை மூன்று நாள்களால் தாங்க முடியாது.

நிலைமையை ஒரே ஒப்பீட்டில் சொல்லிவிடலாம். இசை கற்க விரும்பும் பிள்ளைக்கு மதுரை பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. வரையக் கற்க விரும்பும் பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை. தமிழகத்தில் அரசு கவின் கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் மட்டுமே உள்ளன. மரபுச் சிற்பமும் கட்டடக் கலையும் கற்க மாமல்லபுரம் போக வேண்டும். மதுரையிலிருந்து கும்பகோணம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னை அதைப் போல் இரு மடங்குக்கும் மேல். நான்காண்டுப் படிப்பு, விடுதி, வண்ணம், கித்தான் என்று கணக்குப் பார்க்கும் விவசாயக் கூலிக் குடும்பம், 'முடித்தால் என்ன வேலை?' என்று கேட்பதில் தவறில்லை. பெண் பிள்ளையாக இருந்தால் அந்தக் கேள்விகூட எழுவதில்லை. பேச்சு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

எனவே வேறு வழிகள்தான் எஞ்சுகின்றன. தெருமுனைத் தனியார் ஓவியப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, பல தலைமுறைகளாக நடந்துவரும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் கீழ்நிலை, மேல்நிலை ஓவியத் தாள்களை எழுதலாம். 'ப்ரீஹேண்ட் அவுட்லைன்', 'மாடல் டிராயிங்' என்ற அந்தத் தாள்களின் பெயர்கள் சிற்றூர் ஓவியர்கள் அனைவருக்கும் மனப்பாடம். கலை, அறிவியல் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் படிக்கலாம். இரண்டும் இயலாதவர் பிளெக்ஸ் அச்சகத்தில் கணினிமுன் அமர்ந்து, காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பதாகை வடிவமைக்கலாம். வரைவதில் ஆர்வம் கொண்ட மதுரை இளைஞர்களில் கணிசமானோர் இன்று அங்கேதான் இருக்கின்றனர்.

ஓவியராகப் பெயர் பெற்ற மதுரைக்காரர்கள் மதுரையை விட்டு வெளியேறியவர்களாகவே இருப்பதில் வியப்பில்லை. 1953-இல் மதுரையில் பிறந்த டிராட்ஸ்கி மருது சென்னைக் கல்லூரிக்குச் சென்ற பிறகே நாடறிந்த ஓவியரானார். மதுரையின் தெருக்களையும் கோபுரங்களையும் நுண்ணிய மைக்கோடுகளால் வரைந்த மனோகர் தேவதாஸ் 1936-இல் இங்கே பிறந்தவர். வேதியியல் படித்து, சென்னையில் பணியாற்றி, விழித்திரை நோயால் பார்வை மங்கிக்கொண்டே வந்த காலத்திலும் தன் இளமைக்கால மதுரையை நினைவிலிருந்து தாளில் இறக்கினார். 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் மறைந்தார். மதுரையை இத்தனை நேசத்துடன் வரைந்த ஒருவர் அதைச் சென்னையிலிருந்து வரைய நேர்ந்தது தற்செயல் எனலாம். இருவர், மூவர், நால்வர் என்று பட்டியல் நீளும்போது அதைத் தற்செயல் என்று கடந்துபோக இயலவில்லை.

வெளியேறாமலும் கலை வளர்ந்த காலம் இந்தச் சமவெளிக்கு உண்டு. மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் உள்ள கோவில்பட்டி அதற்குச் சான்று. சென்னைக் கலைப் பள்ளியில் பயின்ற சி.கொண்டைய ராஜு நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரையும் வேலையாக ஊர் ஊராகச் சென்றவர். 1940-களில் கோவில்பட்டியில் நிலைத்து, தேவி ஆர்ட் ஸ்டுடியோவை நடத்தினார். டி.எஸ்.சுப்பையா, மு.ராமலிங்கம், டி.எஸ்.அருணாசலம், எஸ்.மீனாட்சிசுந்தரம், மு.சீனிவாசன் என்று ஒரு மாணவர் வரிசையே அவரிடமிருந்து உருவானது. அருகிலிருந்த சிவகாசி அச்சகங்கள் அவர்களின் ஓவியங்களை நாட்காட்டிகளாக அச்சிட்டு, நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் கொண்டுபோய் மாட்டின. தென்னாட்டு வீடுகளின் பூஜை அறைகளில் இரண்டு தலைமுறையினர் வணங்கிய முருகனும் லட்சுமியும் பெருமளவுக்கு இந்தக் கோவில்பட்டிக் கைகள் தந்த முகங்கள்.

அங்கே கல்லூரி இல்லை, கலைக்கூடம் இல்லை. இருந்தவை இரண்டு. கூடவே இருந்து கையைப் பிடித்துத் திருத்திய ஆசிரியர் ஒருவர் இருந்தார்; வரைந்ததை விலைகொடுத்து வாங்கிய தொழில் ஒன்று இருந்தது. அந்தப் பள்ளியின் எல்லையும் நாம் அறிந்ததுதான். மாணவர்கள் ஆசிரியரின் பாணியிலேயே வரைந்தனர். சந்தை கேட்ட கடவுளரையே வரைந்தனர். இன்றைய இளைஞர் அப்படியே அதைப் பின்பற்ற முடியாது. ஆயினும், 1976-இல் மறைந்த கொண்டைய ராஜுவைச் சுற்றி ஒரு சிற்றூரில் நிகழ்ந்தது, வழிகாட்டலும் வாழ்வாதாரமும் சேர்ந்தால் பெருநகரம் இல்லாமலும் கலைஞர்கள் உருவாவார்கள் என்பதைக் காட்டுகிறது.

மதுரை நகருக்குள்ளும் ஒரு பள்ளி இருந்தது. அதற்குப் பெயர்ப் பலகை இல்லை. திரையரங்குகளுக்குப் பதாகை வரைந்த பட்டறைகளைத்தான் சொல்கிறேன். கட்டமிட்டுச் சிறு படத்தை இருபதடி உயரத்துக்குப் பெரிதாக்குவது, எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தால் கண்ணின் கருவிழி சரியாக விழும் என்று கணிப்பது, தோல் நிறத்துக்கு நீலத்தையும் இளஞ்சிவப்பையும் துணிந்து சேர்ப்பது ஆகியவற்றைப் பதினைந்து வயதுச் சிறுவன் டப்பாக் கழுவியபடியே கற்றுக்கொண்டான். 2000-களில் பிளெக்ஸ் வந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. தூரிகை பிடித்த பலர் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயினர். ஒரு தொழில் அழிந்ததாக அப்போது வருந்தினோம். ஒரு பயிற்சிக்கூடம் அழிந்ததைக் கவனிக்கவில்லை.

பள்ளிக்கூடம் அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம். அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் நடைபெறும் கலைத் திருவிழா உண்மையிலேயே நல்ல முயற்சி. தங்களுக்கு வரையத் தெரியும் என்பதையே அறியாத பிள்ளைகள் அதன்மூலம் வட்டார, மாவட்ட, மாநில மேடைகளுக்கு வந்திருக்கின்றனர். ஆனால், அந்தப் பிள்ளைக்கு அடுத்த நாள் வகுப்பில் கற்றுத்தர யார் இருக்கிறார்? 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில் நியமித்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. ஊதியம் படிப்படியாக ரூ.12,500-ஐ எட்டவே பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. பணிநிரந்தரம் கோரி அவர்கள் சாலையில் அமரும் செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். தன் வாழ்க்கையே அரைநாளாக இருக்கும் ஓவிய ஆசிரியரிடம், 'ஓவியத்தையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்' என்று மாணவருக்குச் சொல்லும்படி கேட்பது எப்படி?

ஆக, பள்ளியில் பரிசு பெற்ற பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போது கைவிடப்படுகிறது. அந்த இடத்தில்தான் மண்டலக் கண்காட்சி வருகிறது. பதினெட்டு வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட, எந்த நிறுவனத்தையும் சேராத ஓர் இளைஞரை மதுரையில் கலை உலகம் சந்திக்கும் ஒரே இடம் அதுவே. அதை எப்படி நடத்துகிறோம் என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

இப்போது அந்தச் சுவர்களில் என்ன தொங்குகிறது என்று பார்ப்போம். சீறும் காளை, மீனாட்சி அம்மன் கோயில் கோபுரம், சுருக்கம் விழுந்த பாட்டியின் முகம், பென்சிலில் அப்துல் கலாம், விளக்கொளியில் தாவணிப் பெண். கடைசியாகச் சொன்னது ஓவியர் இளையராஜாவின் தாக்கம். கும்பகோணம் அருகே சிற்றூரில் பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் பயின்ற அவர், தன் வீட்டுப் பெண்களையும் ஊர்ப் பெண்களையும் வரைந்து பெரும்புகழ் பெற்று, 2021 ஜூனில் கரோனாவுக்குப் பலியானார். அவர் வரைந்தது அவர் பார்த்த முற்றத்தை. இன்றைய இளைஞர் வரைவது, அவர் வரைந்ததன் கைப்பேசிப் படத்தை. உழைப்பில் குறையில்லை, ஒவ்வொரு முடியும் தனித்தனியாக விழுந்திருக்கும். பார்வைதான் இரவலாக இருக்கிறது. கட்டளையிட்டால் கணினியே நொடியில் இத்தகைய படத்தைத் தந்துவிடும் காலத்தில், இரவல் பார்வையோடு போட்டியிடும் கை தோற்பது உறுதி.

இதை அந்த இளைஞரிடம் சொல்பவர் யார்? நடுவர்கள் மூவர் காலை பத்து மணிக்கு வருகிறார்கள். நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்து நண்பகலுக்குள் முடிவெடுக்கிறார்கள். உணவுக்குப் பின் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்கள் மேல் பழி சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குத் தரப்பட்ட வேலை அவ்வளவே. 'உன் கோடு நன்றாக இருக்கிறது. ஆனால், இந்தக் காளையை நீ நேரில் பார்க்கவில்லை. உன் ஊரில் வேறு என்ன இருக்கிறது?' என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு நிகழ்ச்சி நிரலில் இடமில்லை.

ஊரில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு மதுரைச் சமவெளியில் விடைகள் குறைவில்லை. மேலூர்ப் பகுதியில் கிரானைட்டுக்காகப் பாளம் பாளமாக அறுக்கப்பட்டு, பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்களாக நிற்கும் குன்றுகள் உண்டு. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக ஊரே திரண்டு, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்ய வைத்த அரிட்டாபட்டி உண்டு. அதே வட்டாரப் பாறைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் யாரோ வெண்ணிறத்தில் தீட்டிய உருவங்களும் உண்டு. குப்பையும் ஆகாயத் தாமரையும் பங்கிட்டுக்கொண்ட வைகை உண்டு. இவற்றின் நடுவே வளரும் இருபது வயதுக்காரர், சுற்றிலும் இருப்பதை வரையத்தக்கதாக நினைக்காமல் இருப்பதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று; 'இதையும் வரையலாம்' என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

அப்படிப் பார்க்கக் கற்றவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு மதுரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒளிப்படக் கலைஞர் எம்.பழனிக்குமார் மதுரையில், மீன் விற்றுக் குடும்பம் காத்த தாயின் மகனாக வளர்ந்தவர். பொறியியல் படித்து, கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர். கையால் மலம் அள்ளும் அவலத்தைப் பதிவு செய்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் பணியாற்றினார். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் மரணத்தையும் தொடர்ந்து படமெடுத்தார். தன் தாயின் அதிகாலைச் சந்தைப் பயணத்தையே படக்கட்டுரையாக்கினார். 2022-இல் தயானிதா சிங்–பாரி ஆவணப்பட ஒளிப்பட விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதைவிட நம் பேச்சுக்கு முக்கியமானது, அவர் மீனவர், தூய்மைப் பணியாளர் குடும்பப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்பித்து, அவர்கள் எடுத்த படங்களைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தது. அங்கே பயிற்சி முதலில், கண்காட்சி பிறகு. நம் கண்காட்சிகள் தலைகீழாக்க வேண்டிய வரிசை இதுதான்.

நிறுவன அளவில் இதைச் செய்தவர்களும் அண்டையில் இருக்கின்றனர். கொச்சி–முசிறி பியன்னாலே 2014-இல் மாணவர் பியன்னாலேயைத் தொடங்கியது. இளம் கலைத் தொகுப்பாளர்களை நாடெங்கும் உள்ள அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு அனுப்பி, மாணவர்களோடு மாதக்கணக்கில் உரையாடி, படைப்புகள் உருவாகும்போதே உடனிருந்து, அதன் பின்னரே கொச்சியில் காட்சிக்கு வைத்தார்கள். இந்திய அளவில் இதற்கு இணையான முயற்சி குறைவு. ஆனால், இந்த ஏற்பாடு கல்லூரிகளின் கதவு வழியாக உள்ளே வருகிறது. சென்னை மாணவருக்கும் கும்பகோண மாணவருக்கும் அந்தக் கதவு உண்டு. நுண்கலைக் கல்லூரியே இல்லாத மதுரையின் இளைஞருக்கு, கொச்சி அருகில் இருந்தும் எட்டாத தொலைவு.

பிரிட்டனில் 1949 முதல் நடந்துவரும் 'நியூ கன்டெம்பரரீஸ்' இளம் கலைஞர் கண்காட்சி இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 1961-இல் மாணவராக இருந்த டேவிட் ஹாக்னியை வெளியுலகம் கவனித்தது அந்தக் கண்காட்சியில்தான். பெயரோ கல்லூரியோ தெரியாமல் படைப்பை மட்டும் பார்த்து முதற்கட்டத் தேர்வு செய்வது அதன் வழக்கம். அண்மை ஆண்டுகளில் பட்டப்படிப்புக்கு வெளியே, மாற்றுப் பயிற்சித் திட்டங்களில் கற்றவர்களுக்கும் வாசலைத் திறந்தது. லண்டனோடு நின்றுவிடாமல் பிற நகரங்களிலும் காட்சி வைக்கிறது. தேர்வானவர்களுக்குக் காட்சிக்குப் பிறகும் வழிகாட்டல் தொடர்கிறது. பணக்கார நாட்டின் கதை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. பெயரை மறைத்துத் தேர்வு செய்யவும், கல்லூரிச் சான்றிதழ் கேட்காமல் இருக்கவும் பணம் எதற்கு?

நம்மிடம் உள்ள திட்டங்கள் சறுக்குவதும் இங்கேதான். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மாதம் ரூ.5,000 வீதம் இரண்டாண்டு உதவித்தொகை வழங்குகிறது. ஆண்டுக்கு 400 பேர் வரை பெறலாம். காட்சிக் கலைகளும் அதில் அடக்கம். ஆனால், குருவிடமோ நிறுவனத்திலோ ஐந்தாண்டுகளேனும் பயின்றிருக்க வேண்டும் என்கிறது விதி. கர்நாடக இசைக்கும் பரதத்துக்கும் இது இயல்பாகப் பொருந்தும். அங்கே குரு உண்டு, குருவுக்கு லெட்டர்பேடும் உண்டு. உசிலம்பட்டியில் தானாக வரையக் கற்ற பெண்ணுக்கு யார் சான்று தருவார்? மாநில அரசும் மாவட்டந்தோறும் 'கலை இளமணி', 'கலை வளர்மணி' என்று வயதுவாரியாக விருதுகள் வழங்குகிறது. பட்டமும் பொன்னாடையும் மகிழ்ச்சிதான். ஆனால், விருது என்பது நடந்து முடிந்ததற்குத் தருவது. இருபது வயதில் தேவைப்படுவது நடக்கப் போவதற்கான துணை.

அந்தத் துணையின் வலிமையைத் தமிழகம் ஒருமுறை கண்டிருக்கிறது. திருச்சி மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து சென்னைக்கு வந்த கே.எம்.ஆதிமூலத்தைக் கலைக் கல்லூரியின் பக்கம் ஆற்றுப்படுத்தியவர் சிற்பி எஸ்.தனபால். பின்னாளில் காந்தியைக் கோடுகளால் புதிதாக நமக்குக் காட்டிய ஆதிமூலம், தமிழ் இதழ்களின், நூல்களின் முகப்பையே மாற்றினார். கே.சி.எஸ்.பணிக்கர் தன் மாணவர்களோடு சேர்ந்து 1966-இல் சோழமண்டலத்தை உருவாக்கியபோது, பத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்ற பணம்தான் அடித்தளமானது. 'பிழைப்புக்கு என்ன செய்வது?' என்ற கேள்வியை அவர் தன் மாணவர்களிடம் விட்டுவிடவில்லை. தானும் சேர்ந்து விடை தேடினார். வழிகாட்டல் என்றால் வண்ணச் சேர்க்கை பற்றிய அறிவுரை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

மதுரைக்கு இதை எப்படிப் பொருத்துவது? பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. கண்காட்சிக்குச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பம் பெறலாம். முடித்த ஓவியத்தைக் கேட்பதற்குப் பதிலாக ஒரு வரைவுப் புத்தகத்தைக் கேட்கலாம். படம் ஒன்றைப் பார்த்துப் பிரதி எடுத்தவர் யார், தெருவைப் பார்த்தவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அவர்களில் முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து, ஐந்து அல்லது ஆறு பேருக்கு ஒருவர் என்று மூத்த கலைஞர்களிடம் ஒப்படைத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திக்கச் செய்யலாம். மூத்தவர்கள் எல்லோரும் சென்னையிலிருந்து வர வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்கள் இருக்கின்றனர். பதாகைப் பட்டறையில் வளர்ந்து இன்று சும்மா இருக்கும் கைகள் இருக்கின்றன. விளாச்சேரியில் மண்ணை உருவமாக்கும் குடும்பங்கள் இருக்கின்றன; மதுரை வட்டாரத்து வேளார்களின் கலையைக் கனடா நாட்டு மானுடவியலாளர் ஸ்டீஃபன் இங்கிலிஸ் பல்லாண்டு ஆராய்ந்து, 1980-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிட்டது. ஆராயத் தகுந்தவர்களாக இருந்தவர்கள் கற்பிக்கத் தகுந்தவர்களாகவும் இருப்பார்கள்.

திரும்பி அனுப்பப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் கையால் எழுதிய நான்கு வரிக் குறிப்பு போக வேண்டும். இது நடுவர்களுக்குச் சுமைதான். மூவருக்குப் பதில் எட்டுப் பேரை அழைத்து, ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் உட்கார வைக்கும் செலவு, திறப்பு விழா மேடைச் செலவைவிடக் கூடுதலாகிவிடாது. தேர்வானவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் சட்டகச் செலவும் தர வேண்டும் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர் மேடையேறினால் சன்மானம் தருகிறோம். ஓவியரிடம் மட்டும் பதிவுக் கட்டணம் கேட்கிறோம். சுவர் தருவதே பெரிய உதவி என்று நாம் நினைப்பதன் விளைவு இது.

விற்பனையும் நடக்க வேண்டும். நடுத்தரக் குடும்பங்கள் ஓவியம் வாங்கும் பழக்கம் மதுரையில் ஒரே நாளில் வந்துவிடாது. அதுவரை முதல் வாங்குநராக இருக்க வேண்டியது அரசும் உள்ளாட்சியும்தான். பிரான்சில் 1951 முதல், பொதுக் கட்டடம் எழுப்பும் செலவில் ஒரு விழுக்காட்டைக் கலைப் படைப்புக்கு ஒதுக்கும் ஏற்பாடு இருக்கிறது. பள்ளிக் கட்டடங்களில் தொடங்கிப் பிற கட்டடங்களுக்கும் அது விரிந்தது. மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இத்தகைய பெரும் கட்டடங்கள் எழும்போது, கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு வேண்டாம், அதில் பத்தில் ஒரு பங்கை இந்த மண்டலத்து இளம் கலைஞர்களுக்கென ஒதுக்கினாலே பல ஆண்டுகளுக்கு அவர்கள் பிளெக்ஸ் கடைக்குப் போக வேண்டியிருக்காது. மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களில் மாட்டியிருக்கும், இணையத்தில் எடுத்து அச்சிட்ட சுவிட்சர்லாந்து அருவிகளுக்கும் அப்போது ஓய்வு கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வழிகாட்டுபவர் தன் சாயலில் பத்துப் பேரை உருவாக்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. நம் மண்ணில் குருபக்தி அதை எளிதாக்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வழிகாட்டிகளை மாற்றுவதும், ஓர் ஓவியரோடு ஓர் ஒளிப்படக் கலைஞரையோ குயவரையோ இணைப்பதும் ஓரளவு உதவும். முழுத் தீர்வு இல்லை. கொண்டைய ராஜுவின் மாணவர்களுக்கு இருந்த அதே சிக்கல்தான்.

எஞ்சியிருப்பது காலமும் இடமும். விளாச்சேரிப் பிள்ளைகள் ஆடியில் விநாயகர் சிலைகளில் தொடங்கி, கொலு பொம்மை, அகல் விளக்கு, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை என்று மார்கழி வரை ஓய்வின்றி இருப்பார்கள். அந்த மாதங்களில் விண்ணப்பம் கேட்டால் அவர்கள் வரவே முடியாது. தை பிறந்ததும் தொடங்கலாம். தேர்வு எழுதும் கல்லூரி மாணவர்களுக்குப் பங்குனி இடையூறு. ஆகவே, காட்சியைச் சித்திரையின் பின்பகுதிக்குத் தள்ளலாம். சித்திரைத் திருவிழாவையொட்டி மதுரையில் அரசுப் பொருட்காட்சி நடப்பது வழக்கம். துறைதோறும் அரங்குகள் அமைக்கிறார்கள். அங்கே நல்ல வெளிச்சத்தோடு ஓர் அரங்கை ஒன்றரை மாதத்துக்கு இந்த முப்பது பேருக்கு விட்டுக்கொடுக்கலாம். கலைக்கூடத்துக்கு வாழ்நாளில் போயிராதவர்கள், ராட்டினத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவே, கையில் டெல்லி அப்பளத்தோடு அந்த வழியாக வருவார்கள். மேலூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, அறுபட்ட குன்றின் படத்துக்கு முன் நின்று, "இது நம்ம ஊர் மலையாச்சே, யாரு வரைஞ்சது?" என்று கேட்கும். வரைந்த பெண் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.